மேல்காற்றும் செவலைப் பூச்சிகளும்

பள்ளத்தில் எனக்கு வேலை, இரும்பைப் பார்த்துக்கொள்வது.

கிளிஞ்சல் தோண்டின பள்ளம் அது. எர்ணாவூருக்கும் காத்திவாக்கத்துக்கும் நடுவில், ரயில் ரோட்டுக்கு மேற்கே, கால்வாய்க்கு இந்தப் பக்கம். சுண்ணாம்புச் சூளைக்காக ரொம்ப வருஷம் தோண்டினார்கள். அடியில் உப்புத்தண்ணீர் ஊறி வந்தது. நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் போய்விட்டார்கள். தண்டவாளத் துண்டுகளும் மூன்று தள்ளுவண்டிகளும் ஒரு பம்பும் அங்கேயே கிடந்தன. அவற்றை விற்கிறவரை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார் முதலாளி. நான் போனேன். எண்ணூர்ப் பக்கம் புதுசு புதுசாகக் கம்பெனிகள் எழுந்துகொண்டிருந்த காலம். அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ.

கடலில் எனக்கு வேலை முடிந்துபோயிருந்தது. கட்டுமரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துதான் துடுப்புப் போட வேண்டும். ஒரு நாள் கரையேறும்போது அலை மரத்தைத் தூக்கி என் வலது முட்டியின் மேல் போட்டது. எலும்பு கூடிற்று. முட்டி மடங்கவில்லை. அவ்வளவுதான்.

மரத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். மரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அவன் பெண்சாதியின் அண்ணன் கூடப் போனான். நல்ல கைகாரன். வாய் அதைவிடப் பெரிசு.

பள்ளத்தில் முதல் வருஷம் எனக்கு உட்காரவே முடியவில்லை. தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் சூளை. வெளியே உட்கார்ந்தால் வெயில். அது காரணம் இல்லை. கடலில் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். தண்ணீர் நிறம் மாறும். வானம் மாறும். இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்றுக்கு அறுநூற்று நாற்பது அடி. நொண்டிக் காலோடு பத்துச் சுற்று, பன்னிரண்டு சுற்று. வலித்தால் நின்றேன். வலி அடங்கினால் நடந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தாலும் கால் நடந்துகொண்டே இருந்தது.

அப்படி நடந்ததில்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

கிழக்குச் சுவர் மணல் சுவர். அதில் வரிசையாகப் பொந்து. பச்சைக் குருவிகள் உள்ளே போய் வந்தன. பஞ்சுருட்டான் என்று ரயில் கேட்டுக்காரர் சொன்னார். பறக்கிற தும்பியைப் பறந்தபடியே பிடிக்கும். தண்டவாளத்தில் உட்கார்ந்து அதை இரண்டு பக்கமும் அடித்துப் பிறகு விழுங்கும். இரும்புக்கு அதுதான் உபயோகம். தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு கீரி இருந்தது. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கும். நான் அசையாமல் நின்றால் அதுவும் நிற்கும். யார் முதலில் அசைவது என்று பார்ப்போம். எப்போதும் நான்தான். ஆள்காட்டிக் குருவி வெறும் கிளிஞ்சல் தரையில் நான்கு முட்டை போட்டிருந்தது. காலடியில் இருந்தும் தெரியாது. நான் கிட்டே போனால் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். இருபது அடி தள்ளிப் போய் நடக்கப் பழகினேன்.

பட்டாம்பூச்சி வெயில் ஏற ஏற வரும். சித்திரையில் மற்றதெல்லாம் நிழலுக்குப் போகிற நேரத்தில் இவை வெளியே வரும். பள்ளத்து அடியில் தண்ணீர் ஓரம் ஈரமண்ணில் வெளுத்த மஞ்சள் பூச்சிகள் நூறு இருநூறு உட்கார்ந்து உப்பை உறிஞ்சும். என் நிழல் பட்டால் மொத்தமாக எழும்பும். நிழல் நகர்ந்தால் மறுபடி அதே இடத்தில் உட்காரும். கறுப்பு ஒன்று உண்டு. வயிறு ரத்தச் சிவப்பு. அது அவசரப்படாது. எந்தக் குருவியும் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

எருக்கில் வருவதுதான் அதிகம். செங்கல் நிறம், இறக்கை முனையில் கறுப்பு, கறுப்பில் வெள்ளைப் புள்ளி. பேர் தெரியாது. மாட்டுக்குச் சொல்கிற மாதிரி செவலை என்று வைத்துக்கொண்டேன். அதன் புழு எருக்கிலையைத் தின்னும். ஆடுகூடத் தின்னாத இலை.

செவலைகள் பொழுது சாய்ந்தால் கூட்டமாக அடையும். வடக்கு மேட்டில் வேலிக்காத்தான் புதர்கள். அவற்றின் காய்ந்த குச்சிகளில் இறக்கையை மூடித் தொங்கும். பார்த்தால் சருகு. தொட்டால்தான் பூச்சி.

ஒரு நாள் மாலை அவை மேட்டில் இல்லை. தேடினேன். பள்ளத்துக்குள் இறங்கி மேற்குச் சுவரின் அடியில், பழைய முளைக்கம்புகளில் தொங்கின. மறுநாள் மேல்காற்று விடாமல் அடித்தது.

மேல்காற்று என்றால் எங்களுக்கு என்ன என்று சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் விடியுமுன் மேற்கிலிருந்து வருகிற காற்றில் பாய் விரித்து வெளியே போவோம். பன்னிரண்டு மணிவாக்கில் கடல்காற்று திரும்பும். அதில் ஏறி வீட்டுக்கு வருவோம். கடல்காற்று வராத நாள்தான் ஆபத்து. மேல்காற்று ஓயாது. மரம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் போட்டுக் கை விட்டுப்போகும். தண்ணீர்க் குடுவை தீர்ந்துபோகும். அந்த நாளில் கரையோரம் கடல் குளம் மாதிரி இருக்கும். அலையே இருக்காது. தெரியாதவன் நல்ல கடல் என்பான்.

எட்டு நாள் பார்த்தேன். செவலைகள் இரண்டு முறை கீழே இறங்கின. இரண்டு முறையும் மறுநாள் கடல்காற்று வரவில்லை. வந்தால் பள்ளத்திலிருந்தே எனக்குத் தெரியும். கிழக்கு மேட்டு எருக்கிலை புரண்டு வெளுப்புப் பக்கம் காட்டும்.

ஒன்பதாம் நாள் கரைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன்.

"பூச்சியா?" என்றான்.

"பூச்சிதான்."

"வெயில்ல ரொம்ப நடக்காத ணா" என்றான்.

மூன்று நாள் கழித்துச் செவலைகள் இறங்கின. போய்ச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. போனான். பொழுது சாய்ந்து துடுப்புப் போட்டே வந்து சேர்ந்தான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. அதைக் காட்டினான்.

அதற்குப் பிறகு தினமும் மாலை நான் வருகிறவரை பார்த்துக்கொண்டிருப்பான். கட்டுமரத்தை ஒவ்வொரு நாளும் அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவோம். போவதாக இருந்தால் விடியுமுன் சேர்த்துக் கட்டுவோம். நான் வேண்டாம் என்றால் எங்கள் கட்டைகள் மட்டும் மணலில் அவிழ்ந்தபடி கிடக்கும். இரண்டு முறை அப்படிக் கிடந்தன. இரண்டு முறையும் மற்றவர்கள் கடலில் கஷ்டப்பட்டார்கள்.

தம்பியின் மச்சான்காரனுக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, அந்தப் பூச்சிக்கு ஒரு ரேடியோ வாங்கிக் குடு. நியூசும் சேத்து சொல்லும்" என்பான்.

தம்பி சிரிப்பான். கேட்பது என் பேச்சைத்தான். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சந்தோஷத்தைவிட வேறொன்று அதிகம். என் ஒரு சொல்லில் அவன் போகிறான், அல்லது நிற்கிறான். மாலை நாலு மணியானால் செவலைகள் எங்கே உட்காருமோ என்று மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடப்பேன். தூக்கம் குறைந்தது.

வைகாசி பிறந்த சமயம். ஒரு மாலை செவலைகள் எல்லாம் கீழே இறங்கின. ஒன்றுகூட மேட்டில் இல்லை. அவ்வளவு மொத்தமாக இறங்கி நான் பார்த்ததே இல்லை. வேகமாகக் கரைக்கு நடந்து வேண்டாம் என்றேன்.

மறுநாள் பதினோரு மணிக்கே எருக்கிலை புரண்டது. நல்ல கடல்காற்று. மதியம் கரைக்குப் போனபோது எல்லா மரமும் வந்திருந்தது. எல்லா வலையும் நிறைந்திருந்தது. கானாங்கத்தை. அந்த மாதிரி மீன் அந்த வருஷம் அதுவரை இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. பெண்கள் கூடை போதாமல் சேலை முந்தானையில் அள்ளினார்கள். எங்கள் கட்டைகள் மணலில் தனித்தனியாகக் கிடந்தன.

மச்சான்காரன் அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"வா மாமா. கரை பூரா கானாங்கத்தக் கொழம்பு. நம்ப வூட்ல இன்னா? பூச்சி வறுவலா?"

அவன் தம்பி பக்கம் திரும்பினான்.

"தா பாரு, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இன்னொரு தபா இந்த ஆளு பேச்சக் கேட்டு மரத்த அவுத்துப் போட்டேன்னு வெச்சிக்க, நான் ராயபுரம் போய் லாஞ்சுல ஏறிடுவேன். அங்க பூச்சி கீச்சி கெடையாது. இஞ்சின் கீது."

"சும்மா கெட" என்றான் தம்பி.

"சும்மாதான் கெடக்கறோம் காலைலேந்து."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி என்னைப் பார்க்கவில்லை. மச்சான் போய்விட்டால் மரம் விறகுதான். ஒற்றை ஆள் கடலுக்குப் போக முடியாது. வேறு கைகாரன் அந்தக் கரையில் யாரும் சும்மா இல்லை.

மறுநாள் விடிந்ததும் வடக்கு மேட்டுக்குப் போனேன். கிட்டே போய்ப் புதரைப் பார்த்தேன். குச்சி, முள், இலை, எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டேன். எரிந்தது.

ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து லாரி வந்து கழிவைக் கொட்டியிருக்கிறது. பள்ளத்தை மூட முதலாளி அனுமதி கொடுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ரயில் கேட்டுக்காரரிடம் பேசப் போன நேரத்தில் வந்து போயிருக்க வேண்டும். உட்கார இடம் இல்லாமல்தான் பூச்சிகள் கீழே இறங்கியிருக்கின்றன. காற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் தூளைப் பார்க்கவில்லை. காற்றைப் பார்த்தேன்.

அன்றைக்கும் நாலு மணிக்கு லாரி வந்தது. டிரைவரிடம் போனேன்.

"இத்த அந்தாண்ட கொட்டக் கூடாதா?"

"எந்தாண்ட கொட்டுனா இன்னா? பள்ளம்தானே."

"செடி மேல படுது."

அவர் செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யோவ், அது வேலிக்காத்தான்யா" என்றார். கொட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாளிலிருந்து செடிகளைக் கழுவினேன். ஒரு பழைய குடம் இருந்தது. பள்ளத்துத் தண்ணீர் உப்பு. ஆனாலும் தூள் போகும். மடங்காத காலோடு சரிவில் இறங்கி மொண்டு மேலே ஏறிப் புதர் புதராக ஊற்றினேன். பதினேழு புதர். ஒரு புதருக்கு ஒரு குடம். முள் கையைக் கிழித்தது. லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. நான் தினமும் கழுவினேன். செடி சுத்தமாக இருந்தால் செவலைகள் மறுபடி மேலே உட்காரும். அப்போது இறங்கினால் அது காற்றுக்காகத்தான். இதுதான் என் கணக்கு. தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. அவனும் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டான். மரம் தினமும் போயிற்று. அவன் திரும்புகிறவரை தினமும் நான் நடந்தேன்.

ஒரு நாள் மதியம் தம்பி பெண்சாதி கொடுத்தனுப்பிய சோற்றை எடுத்துக்கொண்டு மச்சான்காரன் பள்ளத்துக்கு வந்தான். நான் ஏழாவது புதரில் இருந்தேன்.

"இன்னா மாமா பண்ற?"

"கழுவறேன்."

"இன்னாத்த?"

"செடிய."

தூக்குச் சட்டியைக் கீழே வைத்தான்.

"துண்டு கொண்டாந்து தொடச்சி உடட்டா?"

"சோத்த வெச்சிட்டுப் போ."

அன்று மாலைக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் விற்கிற பெண்கள் என்னைக் கண்டால் விடவில்லை. "இன்னா, இன்னிக்கிப் புள்ளைங்களுக்கு எண்ண தேச்சியா?" என்றாள் ஒருத்தி. "தலைய நல்லாத் தொவட்டு, ஜல்பு புடிச்சிக்கப் போவுது" என்றாள் இன்னொருத்தி. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

கழுவினதில் பலன் இருந்தது. ஐந்தாறு நாளில் செவலைகள் மேட்டுக்குத் திரும்பின. எல்லாம் இல்லை. முக்கால்வாசி. மேலே உட்கார்ந்த நாளெல்லாம் மறுநாள் கடல்காற்று வந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. காலையில் பதினேழு புதரையும் கழுவி முடித்தேன். நாலு மணிக்கு லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது. தூள் கொஞ்சம் பறந்தது. ஐந்தரைக்குச் செவலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேற்குச் சுவருக்கு அடியில் போயின. எல்லாம்.

புதரைப் போய்ப் பார்த்தேன். தூள் இருந்தது. லேசாகத்தான். முன்னே அவ்வளவு லேசான தூளில் உட்கார்ந்திருக்கின்றன. உட்காராமலும் இருந்திருக்கின்றன. வானத்தைப் பார்த்தேன். வெறும் புழுக்கம். மேடு, பள்ளம், மேடு என்று மூன்று தரம் ஏறி இறங்கினேன். தூளா, காற்றா? வேண்டாம் என்று சொல்லி நான் தப்பாக இருந்தால் மச்சான் லாஞ்சுக்குப் போவான், தம்பியின் பிழைப்பு போகும். சொல்லாமல் இருந்து காற்றாக இருந்தால் தம்பியே போய்விடுவான்.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. காற்றைப் பற்றிப் பேச வந்தவன் ஒரு பதில் சொல்லிவிட வேண்டும். வரும் என்றோ வராது என்றோ. தெரியாது என்று சொல்லக் கூடாது. மரம் கட்டப் போகிறவன் கை தளர்ந்துபோகும் என்பார்கள். தெரியாதவன் கரைக்கு வரவே மாட்டான், வீட்டிலேயே இருந்துகொள்வான். நான் அதற்கு முன்னால் யார் வாயிலிருந்தும் அந்தச் சொல்லைக் கரையில் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் ரயில் ரோடு வரை போனேன். அங்கே வழியை மாற்றினேன். கரைக்கு நடந்தேன்.

தம்பியும் மச்சான்காரனும் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டார்யா" என்றான் மச்சான்காரன். "இன்னா சொல்ச்சு?"

நான் தம்பியைப் பார்த்துச் சொன்னேன். "எல்லாம் கீழ எறங்கிடுச்சி. ஆனா லாரியும் வந்துச்சி. அதனால இறங்குச்சா, காத்துக்கு இறங்குச்சான்னு தெரியலை."

"தெரியலையா?"

"தெரியலை."

பக்கத்து மரத்தில் இருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். "த, கரையில நின்னுகினு இன்னா பேச்சு பேசற நீ?" என்றார். மணலில் துப்பினார்.

மச்சான்காரன் சிரித்துவிட்டான். "தெரியலன்னு சொல்றதுக்கா இத்தினி தூரம் நொண்டிக்கினு வந்த? அது எனக்கே தெரியாதே, நான் எங்கியாச்சும் போய்ச் சொல்றனா?"

தம்பி சிரிக்கவில்லை. வலையைக் கீழே போட்டான். கடலைப் பார்த்தான். அது ஒன்றும் சொல்லாது, அந்த நேரத்தில். "ணா, உன் நங்கூரக் கயிறு வூட்ல கீதா?" என்றான்.

"கீது."

"எத்தினி பாகம்?"

"இருபத்திரெண்டு" என்றேன். பாகம் என்றால் விரித்த இரண்டு கை நீளம்.

"எடுத்தா."

"எதுக்கு?" என்றான் மச்சான்காரன். "நம்ப கயிறு பத்தாதா?"

"போவ சொல்லோ சொல்றேன்."

எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவன் கயிறோடு சேர்த்து முடிந்தான். முடிச்சை இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

விடியுமுன் போனார்கள். நான் பள்ளத்துக்குப் போகவில்லை. இரும்பு கிடக்கட்டும் என்று கரையிலேயே நின்றேன். எட்டு மணிக்கு வெயில் சுட்டது. பத்து மணிக்கு மேல்காற்று மணலை வாரிக் கடலில் போட்டது. பன்னிரண்டு ஆயிற்று. காற்று திரும்பவில்லை. கரையோரம் கடல் குளம் மாதிரி கிடந்தது. ஒரு மணிக்கு, கரைக்குக் கிட்டே வலை போட்டவர்கள் துடுப்புப் போட்டு வந்தார்கள். தூரம் போன ஆறு மரம் வரவில்லை. தம்பி மரம் அதில் ஒன்று.

மணலில் சூடு தாங்காமல் மாற்றி மாற்றிக் காலை வைத்து நடந்தேன். ஈர மணல் வரை போவேன், திரும்புவேன். தம்பி பெண்சாதி வந்து படகு நிழலில் உட்கார்ந்தாள்.

"காத்து வருமா மாமா?"

"வரும்" என்றேன்.

மூன்று மணிக்கும் அதையே கேட்டாள். அதையே சொன்னேன். ஐந்து மணிக்கு அவள் கேட்கவில்லை.

அன்று இரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேல்காற்று எப்போது ஓய்ந்தது என்று எனக்குத் தெரியும்.

காலை ஏழரைக்குத் தெற்கே ஒரு பாய் தெரிந்தது. துணியின் ஒட்டை வைத்து அடையாளம் சொன்னேன். எங்கள் பாய். ஒட்டுப் போட்டது நான். கரை தட்டினதும் தம்பி எழுந்து நின்றான். விழுந்தான். மறுபடி எழுந்தான். மச்சான்காரன் எழவில்லை. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அவன் தங்கை தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். பேச்சு வந்ததும் என்னைத் தேடினான்.

"உன் பூச்சிங்கள எல்லாம் கொளுத்தணும்" என்றான். அழுதான்.

தம்பிதான் சொன்னான், பத்து வார்த்தையில். ஒன்பது மணிக்கே காற்றின் வேகம் பிடிக்கவில்லை. வலையைப் போடாமல் நங்கூரக் கல்லை இறக்கினான். ஒரு கயிறு என்றால் கல் தரையைத் தொட்டிருக்காது. இரண்டும் சேர்ந்து எட்டிற்று. கல் பிடித்துக்கொண்டது. மரம் நின்றது. மேல்காற்று ஓய்கிறவரை அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த மரங்கள் அவர்களைத் தாண்டி வெளியே போவதைப் பார்த்தார்கள். கூப்பிட்டார்கள். கூப்பிட்டு என்ன ஆகும்.

அந்த ஐந்து மரத்துக்காரர்களை இரண்டு நாளில் பழவேற்காட்டுப் பக்கத்து லாஞ்சுகள் இழுத்து வந்தன. எல்லாரும் உயிரோடு வந்தார்கள். ஒருவருக்கு நாலு நாள் பேச்சு இல்லை. துப்பின பெரியவரின் மகன் அவர்.

என்னை யாரும் பாராட்டவில்லை. பாராட்ட ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறு மரத்தில் ஒன்று கரையிலேயே கிடந்திருக்கும். இதை நினைத்து நினைத்துப் பள்ளத்தைச் சுற்றினேன். தெரிந்த மாதிரி சொல்லியிருக்கலாம். சொல்லி, கடல்காற்று வந்திருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. எத்தனை சுற்று போனாலும் இதே இடத்துக்குத்தான் வந்தேன்.

நாலாம் நாள் மாலை தம்பி பள்ளத்துக்கு வந்தான். அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. நான் குடத்தோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே நின்று பார்த்தான்.

"இத்தையா கழுவற?"

"ஆமா."

"எத்தினி?"

"பதினேழு. இன்னும் ஆறு கீது."

குடத்தைப் பிடுங்கிக்கொண்டான். துணி சுற்றின கையோடு ஆறு முறை இறங்கி ஏறினான். முள் குத்தியபோது செடியைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நான் மேலே நின்று எந்தக் குச்சியில் தூள் இருக்கிறது என்று காட்டினேன்.

முடித்துவிட்டுத் தள்ளுவண்டியில் உட்கார்ந்தோம். கீரி எழுந்து பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. ஐந்தரைக்குச் செவலைகள் வந்தன. அன்றைக்கு லாரி வரவில்லை. செடி சுத்தமாக இருந்தது. கொஞ்சம் வடக்கு மேட்டில் உட்கார்ந்தன. கொஞ்சம் சுற்றிச் சுற்றிப் பறந்து கீழே இறங்கின. எண்ணினோம். மேலே நாற்பத்தொன்று. கீழே முப்பத்தெட்டு.

தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா ணா இது, இதுங்களுக்கும் தெர்ல போல."

"அப்டித்தான் கீது."

இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்தான். எழுந்து வேட்டியைத் தட்டினான்.

"தெர்லன்னாலும் வந்து சொல்லு" என்றான்.

வைகாசி முடிகிறவரை தினமும் போய்ச் சொன்னேன். பாதி நாள் தெரியாது என்றுதான் சொன்னேன். கரையில் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மச்சான்காரன் லாஞ்சுக்குப் போகவில்லை. நான் வாயைத் திறந்ததும் அவனே எழுந்துபோய் இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிய ஆரம்பிப்பான்.